வராதவர்கள் பெரும்பான்மையோடு

நான் எங்கள் அடுக்ககச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனது குக்கரால். மந்தைவெளியில் எங்கள் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஆண்டுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது மேலே என் வீட்டுக் குக்கர் கூவத் தொடங்கிவிட்டது. ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து பார்த்தால் எல்லாரும் என்னைப் பார்த்துக் கை தட்டுகிறார்கள். கூட்டத்தின் நடுவில் எழுந்து போகிறவர் தலையில் பதவியைக் கட்டிவிடுவது எங்கள் சங்கத்து வழக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது. போட்டி இல்லை, எதிர்ப்பு இல்லை, ஏகமனதாம். சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்த குற்றத்துக்கு இப்படியொரு தண்டனை.

என் பிழைப்பு கல்லூரியில் அல்காரிதம் சொல்லிக்கொடுப்பது. பல பேருடைய விருப்பத்தைச் சேர்த்து ஒரே முடிவாக்குவது எப்படி என்பதும் அந்தப் பாடத்தில் வரும். ஓட்டு எண்ணுவதற்குப் பல முறைகள் உண்டு, குறையே இல்லாத முறை என்று ஒன்று கிடையாது என்று ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளிடம் கம்பீரமாகச் சொல்வேன். அவர்கள் கொட்டாவி விடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. லிஃப்ட் விவகாரம் வரும்வரை எனக்கும் அது கரும்பலகைக் கணக்காகத்தான் இருந்தது.

எங்கள் கட்டடம் பழையது. தரைத்தளம், அதற்கு மேல் மூன்று மாடி, தளத்துக்கு மூன்று வீடு, ஆக மொத்தம் பன்னிரண்டு. கட்டிய காலத்தில் எல்லாருக்கும் கால் நன்றாக இருந்ததால் லிஃப்ட் என்ற பேச்சே எழவில்லை. நான் இரண்டாவது மாடியில் பின்பக்க வீடு. எனக்கு நேர் மேலே அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு அக்காவாகிவிட்டவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். தி. நகரில் ஒரு துணிக்கடைக்கு மேலே பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் சின்ன இடம் வைத்திருக்கிறாள். தைப்பதற்குப் பெண்கள் இருக்கிறார்கள், வெட்டுவது மட்டும் அக்கா. அந்தக் கத்தரிக்கோலை வேறு யாரும் தொட்டுவிட முடியாது. ஒருமுறை காகிதம் வெட்ட எடுத்துவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குத்தான் தெரியும்.

அக்காவுக்கு முட்டி தேய்ந்துபோய், ஒரு காலில் ஆபரேஷன் ஆகி, மற்றக் காலும் மக்கர் பண்ண ஆரம்பித்தது. படியிறங்க வேண்டுமென்றால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். பிடிக்கச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட்டே கீழே வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு பெண் துணிகளை மேலே கொண்டுவருவாள், அக்கா வெட்டிக் கொடுத்தனுப்புவாள். அக்காவின் மகன் நாவலூர்ப் பக்கம் லிஃப்ட் உள்ள பெரிய குடியிருப்பில் இருக்கிறான். நல்ல பையன்தான். தை பிறந்ததும் அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டு, இந்த வீட்டை வாடகைக்கு விட்டு, தி. நகர் இடத்தையும் மூடிவிடுவதாக ஏற்பாடு. அக்காவுக்குப் போக இஷ்டமில்லை என்பது எனக்குத் தெரியும், அவள் வாயால் சொல்லித்தான் தெரியவேண்டுமா? ஆனால் வாயைத் திறந்து அவள் சொன்னது கிடையாது. கேட்டால், “எல்லாருக்கும் எது சௌரியமோ அது” என்பாள். இங்கே லிஃப்ட் வந்தால் அக்கா இருப்பாள், வராவிட்டால் போய்விடுவாள். நான் மல்லுக்கட்டியது இதற்காகத்தான்.

பணம் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. மொட்டை மாடியில் நிற்கும் செல்போன் கோபுரத்தின் வாடகை சேர்ந்து கிடந்தது. பிரச்சினை லிஃப்டை எங்கே வைப்பது என்பதில். முன்பக்கம் வைத்தால் வண்டி நிறுத்தும் இடம் போகும். பின்பக்கம் வைத்தால் எங்களைப் போன்ற பின்வீட்டுக்காரர்களின் அடுக்களைப் பால்கனி அடைபடும். நான் முன்பக்கக் கட்சி, ஒளிப்பானேன், என் துணிக்கொடி முழுக்க அந்தப் பால்கனியில்தான். வண்டி வைத்திருந்தவர்கள் பின்பக்கக் கட்சி. தரைத்தளத்தார்கள், அவர்களோடு சேர்ந்த இன்னும் இரண்டு வீடு, லிஃப்டே வேண்டாம் என்ற கட்சி.

சங்கத் தலைவர் மத்திய சர்க்காரில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தரைத்தளம். தலைமுறை தலைமுறையாக மயிலாப்பூர்க் குடும்பம். நேர்மையானவர், விதியென்றால் விதி, தன் பேரன் சைக்கிளைத் தப்பான இடத்தில் வைத்ததற்கே நோட்டீஸ் ஒட்டியவர். கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டு, அவர் மூன்று யோசனைகளையும் வாசித்துக் கை தூக்கச் சொன்னார். முன்பக்கத்துக்கு மூன்று கை, பின்பக்கத்துக்கு மூன்று, வேண்டாம் என்று ஐந்து. தலைவர் எண்ணிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்பதற்கு ஆறு, தீர்மானம் நிறைவேறியது என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. லிஃப்ட் வேண்டும் என்று தூக்கிய கைகள் ஆறு, வேண்டாம் என்பது ஐந்து. வேண்டுமென்றவர்கள் எங்கே வைப்பது என்பதில் இரண்டாகப் பிரிந்ததால் சிறுபான்மை ஜெயித்துவிட்டது. வகுப்பில் நான் போடும் முதல் உதாரணமே இதுதான். அதுகூடப் போகட்டும், ஐந்து எப்படி ஆறாயிற்று? எழுந்து கேட்டேன்.

“வராதவா எல்லாம் மெஜாரிட்டியோட போயிடுவா. சங்கம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நாம வெச்சுண்டிருக்கற வழக்கம் இது” என்றார் தலைவர்.

அன்றைக்கு வராதது ஒரே ஒரு வீடு. கீழே இறங்க முடியாததால் கூட்டத்துக்கு வரமுடியாத அக்காவின் ஓட்டு, லிஃப்ட் வேண்டாம் என்ற பக்கம் எண்ணப்பட்டிருந்தது. இந்த அநியாயம் அடுக்குமா? எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிற்று. தலைவருக்கு இதில் எந்தக் கள்ளமும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். திட்டவும் முடியவில்லை.

விடுவிடென்று மூன்றாவது மாடிக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் என்னை ஏட்டி என்றுதான் கூப்பிடுவாள், கல்லூரியில் என்னை மேடம் என்பவர்கள் கேட்டால் மயங்கி விழுவார்கள். ஏட்டி, நானா லிஃப்ட் வேண்டாம்னேன், சரி, சொன்னதாவே இருக்கட்டும், ஒருத்திக்காக இத்தனை பேர் எதுக்குக் கஷ்டப்படணும் என்றாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. காபி கொடுத்தாள், குடித்தேன், கோபம் பாதி குறைந்தது.

அடுத்த கூட்டத்துக்கு என் புத்திசாலித்தனத்தைக் கொண்டுபோனேன். ஒரே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், யாருக்கு எதெல்லாம் சம்மதமோ அத்தனைக்கும் டிக் போடுங்கள், அதிகம் பேருக்குச் சம்மதமானது எதுவோ அது ஜெயிக்கும் என்று விளக்கினேன். ஓட்டுப் பிரியும் தொல்லையே இதில் கிடையாது. பாடத்தில் இது அருமையான முறை. தலைவர் ஒப்புக்கொண்டார், ஆனால் சீட்டில் வீட்டு எண் இருக்க வேண்டும் என்றார். கல்யாண வீட்டில் மொய் வாசிப்பது போல ஒவ்வொரு வீட்டின் சீட்டையும் உரக்க வாசிப்பதும் சங்கத்து வழக்கமாம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நான்கடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் காதுபட, உன் யோசனை எனக்குச் சம்மதமில்லை என்று எங்கள் கட்டடத்தில் எந்த மனிதராவது எழுதுவாரா? நவராத்திரிக்குச் சுண்டல் கொடுக்கல் வாங்கல் என்ன ஆவது? முன்பக்கமும் சம்மதம், பின்பக்கமும் சம்மதம், லிஃப்டே வேண்டாம் என்பதும் சம்மதம் என்று தலைவர் வாசித்துக்கொண்டே போனார். மூன்றுக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு. நானும் முகதாட்சண்யத்துக்கு மூன்றிலும் டிக் போட்டிருந்தேன், என் கையில் அக்கா கொடுத்தனுப்பிய சீட்டிலும் மூன்று டிக் இருந்தது. சமநிலை வந்துவிட்டதால் பழைய தீர்மானமே நிற்கும் என்றார் தலைவர். உலகத்தில் எங்கேயாவது இந்த முறை இப்படித் தோற்றிருக்கிறதா என்று தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் சொன்னேன், அன்றைக்கு ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகன் வந்து பீரோவையும் கட்டிலையும் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தான். அக்கா டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் உடம்பை அளந்தவள், தன் வீட்டைக் காலி செய்ய அளவு பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அழுதுவிடுவேன் என்று பயந்து, அடுப்பில் பால் இருப்பதாகப் புளுகிவிட்டுக் கீழே இறங்கினேன்.

படியில் இறங்கும்போதுதான் மூளை வேலை செய்தது. எண்ணும் முறையை மட்டும் மாற்றி என்ன பயன், கூட்டம் நடக்கும் இடமல்லவா கோளாறு! செயலாளர் என்ற முறையில் அன்றைக்கே நோட்டீஸ் ஒட்டினேன். மறுபரிசீலனைக் கூட்டம், இடம் மூன்றாவது மாடி, அக்கா வீட்டு வாசல் கூடம். வாழைக்காய் பஜ்ஜி உண்டு. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், சீட்டு கொடுத்தனுப்பினால் செல்லாது, சங்க வழக்கப்படி வராதவர்கள் பெரும்பான்மையோடு சேர்க்கப்படுவார்கள்.

தரைத்தளத்தார் தலைவரிடம் முறையிட்டார்கள். மேலே ஏறாவிட்டால் தங்கள் ஓட்டு லிஃப்ட் வேண்டும் என்பவர்கள் கணக்கில் போய்விடுமே என்று அவர்களுக்குக் கவலை. தலைவர் யோசித்துப் பார்த்துவிட்டு, வழக்கம் வழக்கம்தான் என்று சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்கு அவரைக் கும்பிட வேண்டும். நாற்காலிகளைச் சுமந்து ஏறிய வாட்ச்மேன்தான் முணுமுணுத்தார். “இன்னா மேடம், மீட்டிங்க மேல தூக்கினு போயிட்டீங்க. லிப்ட்டு வந்தப்புறம் வெச்சிருந்தா நாற்காலி அதுவே ஏறியிருக்கும்ல” என்றார். நான் நாற்காலியின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

கூட்டம் நேரத்துக்குத் தொடங்கவில்லை, ஏனென்றால் தலைவர் இரண்டாவது மாடியில் என் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். இந்தப் படி எப்போது இவ்வளவு செங்குத்தாயிற்று என்று கேட்டார். தரைத்தளத்தில் குடியிருப்பவர், கட்டடத்துக்குத் தலைவர், மேல் மாடியைப் பார்த்துப் பல வருடமாகிறதாம்! இன்னொரு டம்ளர் தண்ணீரை நீட்டினேன். சில நேரங்களில் சும்மா இருப்பதே சுகம்.

எல்லாரும் மூச்சு வாங்கி, பஜ்ஜி தின்று, ஒரு நிதானத்துக்கு வந்த பிறகு என் யோசனையைச் சொன்னேன். இந்த முறை சீட்டில் பெயரும் கிடையாது, வீட்டு எண்ணும் கிடையாது. மூன்று யோசனைகளையும் பிடித்த வரிசையில் ஒன்று இரண்டு மூன்று என்று எழுதினால் போதும். தலைவர் உடனே, குறைவான பேர் முதலிடம் கொடுத்ததைத் தூக்கிவிட்டு மிச்சம் இரண்டையும் மோதவிடலாம் என்றார். நான் இல்லை, ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனியே மோதவிட்டு, எல்லாவற்றையும் ஜெயிப்பது எதுவோ அதை எடுக்கலாம் என்றேன். எப்படி எண்ணினால் என்ன என்று யாரோ கேட்டார்கள். எப்படி எண்ணுகிறோம் என்பதை வைத்து முடிவே மாறலாம், அதனால்தான் சீட்டைத் தொடுவதற்கு முன்னால் முறையை முடிவு செய்துவிட வேண்டும் என்று சொன்னேன்.

யாருக்கும் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. தலைவர் சேப்பாக்கத்தில் ஒரு மேட்ச் விடாதவர் என்பது நல்ல வேளையாக ஞாபகம் வந்தது. மாமா, நீங்கள் சொல்வது நாக் அவுட், ஒரு நாள் சறுக்கினவன் மூட்டையைக் கட்டிவிடுவான், நான் சொல்வது லீக், எல்லாரும் எல்லாரோடும் ஆடியாக வேண்டும் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “லீக்தான் நியாயம். அதுல ஃப்ளூக்ல ஜெயிக்க முடியாது” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். வகுப்பில் பல வருடமாகச் சொல்லிப் புரியாததற்கு கிரிக்கெட் ஒரே நிமிடத்தில் வழி செய்துவிட்டது.

சீட்டு கொடுப்பதற்கு முன், வழக்கப்படி, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தலைவர் கேட்டார். வழக்கப்படி யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அவரும் அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டார். அக்கா வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.

“நான் சொல்லணும். எல்லாருக்கும் எது சௌரியமோ அதுன்னுதான் இத்தனை நாளும் சொல்லிக்கிட்டு இருந்தேன். அது பொய். எனக்கு லிஃப்ட் வேணும். கட்டடத்துக்காக இல்ல, எனக்காவத்தான் கேக்கேன். பின்னால வெச்சா என் அடுப்படி அடைஞ்சு போவும், அடையட்டும். இந்த வீட்ட விட்டுப் போவ எனக்கு இஷ்டமில்ல.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவள் மகனும் அங்கேதான் இருந்தான், பஜ்ஜித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தான். அவனுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. எவ்வளவு காலம் இதை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தாள்! தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சீட்டு கொடு என்று எனக்குச் சைகை காட்டினார்.

சீட்டுகளை மடித்து அக்கா வீட்டு எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டார்கள். தலைவரும் நானும் சேர்ந்து எண்ணினோம். முதலிடம் என்று பார்த்தால் முன்பக்கத்துக்கு ஐந்து, வேண்டாம் என்று நான்கு, பின்பக்கத்துக்கு மூன்றே மூன்று. லீக் கணக்குப் போட்டோம். பின்பக்கமும் முன்பக்கமும் மோதியதில் பின்பக்கத்துக்கு ஏழு, முன்பக்கத்துக்கு ஐந்து. பின்பக்கமும் வேண்டாமும் மோதியதில் பின்பக்கத்துக்கு எட்டு, வேண்டாமுக்கு நான்கு. மிகக் குறைவான பேருடைய முதல் ஆசை, இருந்தாலும் அதோடு மோதிய எதுவும் அதை ஜெயிக்கவில்லை. எனக்குள் இருந்த வாத்தியார் சும்மா இருக்கவில்லை, மற்ற முறைகளையும் எண்ணிப் பார்த்தேன். பழையபடி கை தூக்கச் சொல்லியிருந்தால் முன்பக்கம் வந்திருக்கும், வண்டிக்காரர்கள் ஜன்மத்துக்கும் பேசியிருக்க மாட்டார்கள். தலைவர் சொன்ன நாக் அவுட் வைத்திருந்தால் பின்பக்கம் முதலில் வெளியேறி, அந்த மூன்று ஓட்டும் வேண்டாம் பக்கம் சாய்ந்து, அக்கா நாவலூருக்குப் போயிருப்பாள். அதே பன்னிரண்டு சீட்டு, மூன்று முறை, மூன்று முடிவு. இப்படி ஓர் உதாரணம் என் பாடப்புத்தகத்திலேயே இல்லை. நான் குதிக்காத குறை. என் துணிக்கொடி போய்விட்டது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

முதல் கூட்டத்தில் வேண்டாம் என்று ஐந்து கை, இப்போது நான்கு சீட்டு. மாறிய அந்த ஒருவர் யார் என்று யாருக்கும் தெரியாது. தலைவர் இறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்து எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்கவில்லை.

தை பிறந்தது, மாசியும் வந்தது, இடிப்பதும் கட்டுவதுமாக ஒரே அமர்க்களம். வீடு முழுக்கச் சிமெண்டுத் தூசி, நான் தினமும் அந்தப் பன்னிரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினேன், என்னையும் சேர்த்து. ஒருவழியாக லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. அக்கா மறுநாளே ஆட்டோ பிடித்து தி. நகருக்குப் போய், தான் இல்லாதபோது அந்தப் பெண்கள் தைத்த பிளவுஸ்களைப் பார்த்துவிட்டுக் கூப்பாடு போட்டிருக்கிறாள்.

அடுத்த ஆண்டுக் கூட்டம் வந்தது. இந்தத் தடவை நான் ஒரு பெரிய திட்டத்தோடு போனேன். என் மாணவர்களை விட்டு ஒரு செயலி செய்யவைத்திருந்தேன். இனிமேல் கூட்டமே வேண்டாம், அவரவர் வீட்டில் உட்கார்ந்து போனிலேயே வரிசைப்படுத்தி அனுப்பினால் போதும், லீக் கணக்கை அதுவே போட்டுவிடும், வராதவர்கள் என்ற தொல்லையே இருக்காது. தலைவருக்குக்கூடப் பிடித்துப்போயிற்று. ஆட்சேபணை உண்டா என்று வழக்கம்போல் கேட்டுவிட்டு, வழக்கம்போல் அடுத்ததற்குப் போகப் பார்த்தார்.

கார் நிறுத்துமிடத்தின் முன்வரிசையில், புதுச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா கையைத் தூக்கினாள்.

“எனக்குச் சம்மதமில்ல” என்றாள். “போன்ல எல்லாம் வேண்டாம். எல்லாரும் இறங்கி வரட்டும். நானே வரேம்லா.”

நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். என் முகத்துக்கு நேரே, தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு கை எழுந்தது, பிறகு இன்னும் இரண்டு. ஏழுக்கு ஐந்து, என் தீர்மானம் தோற்றது. எல்லாருடைய சௌகரியத்தையும் கேட்டுக்கொண்டிருந்தவள், என் சௌகரியத்தைத் துளிகூடக் கேட்கவில்லை. எனக்கு வயிற்றெரிச்சல் ஒரு பக்கம், சந்தோஷம் தாங்கவில்லை ஒரு பக்கம். தோற்றுவிட்டுக் கை தட்டிய ஒரே செயலாளர் நானாகத்தான் இருப்பேன்.